வளவுக்குள் ஒரு போறணை: செங்கல் கும்மட்டம் எழுப்பும் முறை

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது: வீட்டு வளவுக்குள் விறகில் எரியும் சின்னப் போறணை ஒன்று கட்ட ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் பீட்சாவும் கிழமைக்குத் தேவையான பாணும் சுடவேண்டும். பழைய வீடு இடித்த செங்கல் கொஞ்சமும் சுண்ணாம்புக்கல் நிறையவும் வளவில் கிடக்கின்றன. சூடு தாங்கும் பயர் பிறிக் கல்லை முழுவதற்கும் வாங்கக் காசு போதாது. வரப்போகும் மேசன், நல்ல சீமெந்துக் கலவையில் கட்டினால் அசையாது என்கிறார். கும்மட்டத்துக்குப் பலகை அடிக்க வேண்டுமா, எதில் தொடங்குவது?

தம்பி, கட்டலாம். முதலில் மேசன் அண்ணையின் பேச்சை எடுத்துக்கொள்வோம். சுவருக்கு அவர் சொல்வது சரி, போறணைக்கு அது சரிவராது. சாதாரணச் சீமெந்து 300 பாகை செல்சியசைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். 400, 500 என்று ஏறும்போது அதற்குள் இறுகியிருந்த நீர் பிரிந்து சாந்து பொருபொருவென்று உதிரும். பீட்சா சுடுகிற நேரம் கும்மட்டத்தின் உட்புறம் அந்தச் சூட்டைச் சாதாரணமாகவே தொட்டுவிடும். ஆகவே சாந்தை நம்பிக் கும்மட்டம் கட்டக்கூடாது. உள்ளே இருக்கிற சாந்து முழுக்கக் கொட்டிப்போனாலும் ஒரு கல்கூட விழாத மாதிரி வடிவம் இருக்கவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். கீழே வருவதெல்லாம் அதைச் செய்கிற விதம்.

கல்லில் தொடங்குவோம். வளவில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை அத்திவாரத்துக்கும் பீடத்துக்கும் தாராளமாகப் போடுங்கள். நெருப்புப் படுகிற இடத்தில் ஒரு துண்டுகூட வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் கல்லைச் சூளையில் வைத்துத்தானே சுண்ணாம்பு எடுக்கிறோம்! 800, 900 பாகையில் அது காபனீரொட்சைட்டை விட்டு நீறாத சுண்ணாம்பாகிவிடும். தணல் நேரே கிடக்கும் தளம் அந்தச் சூட்டை நெருங்கக்கூடும். அதன்பிறகு மாரி ஈரம் ஊறினால் நீறி, ஊதி, பக்கத்துக் கல்லையும் தள்ளிக்கொண்டு வரும். கருங்கல்லும் ஆகாது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் 573 பாகையில் சட்டென்று விரியும், கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

பழைய செங்கல் நல்லதென்றால் கும்மட்டத்துக்கு அதுவே போதும். வீட்டுப் போறணையின் கும்மட்டக் கல்லுக்கு 500 பாகைக்கு மேல் வேலை வருவது குறைவு. நன்றாக வெந்த செங்கல் சூளையில் அதைவிடக் கூடிய சூட்டைப் பார்த்துத்தான் வந்திருக்கும். ஆனால் தளத்துக்கு மட்டும் பயர் பிறிக் வாங்குங்கள். விறகு விழுந்து அடிபடுவதும், ஈரச்சாக்குப் படுவதும், குளிர்ந்த மா வந்து குந்துவதும் தளத்தில்தான். உள்விட்டம் 36 அங்குலப் போறணைக்கு, வாயில் பகுதியையும் சேர்த்து 35 கல் அளவில் முடிந்துவிடும். காசைப் போடவேண்டிய இடம் அது. கையில் இன்னும் மிஞ்சினால் வாய் வளைவுக்கு நல்ல கல் வாங்கலாம்.

பழைய கல்லை அப்படியே நம்பவேண்டாம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். மொத்தென்று கேட்டால் தள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குவியலிலும் ஒரு கல்லை எடுத்துக் குசினி அடுப்புத் தணலுக்குள் இரவு முழுக்கப் புதைத்து வையுங்கள். காலையில் ஆறவிட்டுத் தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் விட்டுப் பாருங்கள். களிமண்ணுக்குள் சுண்ணாம்புப் பொட்டு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகப் பொங்கி, மேலே இருந்த தோல் காசளவு கழன்று விழுந்திருக்கும். அந்தக் குவியலே வேண்டாம். பழைய சாந்து ஒட்டியிருக்கும் கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

மணலிலும் இதே ஆபத்து உண்டு. நம்முடைய கரையோரத்து மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், உப்பும் இருக்கும். ஒரு சிரட்டையில் கொஞ்சம் மணலைப் போட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் அதில் சிப்பி இருக்கிறது. ஆற்று மணலை வாங்கிக் கழுவிக் காயவைத்து, மா அரிக்கிற அரிதட்டு மாதிரி நெருக்கமான வலையில் அரித்து எடுங்கள். மூட்டு மெல்லியதாக வரவேண்டுமானால் மணல் பொடியாக இருக்கவேண்டும். குழைக்கிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கிணறு உவர் என்றால் குடிதண்ணீரை எடுங்கள். இல்லாவிட்டால் கட்டி முடிந்து காய்ந்ததும் உப்புப் பூத்துக் கல்லின் முகத்தை அரித்துவிடும்.

கும்மட்டத்துச் சாந்துக்கு நான் சொல்வது: மணல் 3 பங்கு, சீமெந்து 1, நீறின சுண்ணாம்பு 1, பயர் கிளே என்கிற சூடு தாங்கும் களி 1. பயர் கிளே கிடைக்காவிட்டால் வன்னிப் பக்கம் செங்கல் அரிகிற களியைக் காயவைத்து, இடித்து, அரித்துச் சேர்க்கலாம். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள் போட்டால் இன்னும் நல்லது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்து இறுகும் என்பது நம்முடைய பழைய கட்டடக்காரருக்கு நன்றாகத் தெரியும். அப்போ சீமெந்து எதற்கு என்று கேட்பீர்கள். கட்டுகிற நாட்களில் கல்லைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும்தான். பிறகு சூட்டில் அது பலம் இழக்கும்போது சுண்ணாம்பும் களியும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வெறும் களியும் மணலும் குழைத்தும் கட்டலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் ஒழுகினால் எல்லாம் கரைந்துவிடும் என்பதால் இங்கே அதை நான் விரும்புவதில்லை.

இடம் பார்க்கும்போது காற்றைப் பாருங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து விடாமல் வீசும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். இந்த இரண்டுக்கும் வாயைக் கொடுத்தால் புகை முகத்தில் அடிக்கும், நெருப்பும் ஒரு சீராக நிற்காது. வாய் தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்தால் இரண்டு காற்றும் பக்கவாட்டில் போய்விடும். கிடுகு வேலியில் இருந்தும் பனையோலைக் குவியலில் இருந்தும் 10 அடிக்குக் குறையாமல் தள்ளிக் கட்டுங்கள். சோளகத்தில் பறக்கிற ஒரு பொறி போதும், வேலி முழுக்க எரிந்துபோக.

பீடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது மேசன் அண்ணைக்குக் கை வந்த வேலை. சீமெந்துக் கல்லில் மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே கம்பி கட்டிக் கொங்கிறீட் தட்டுப் போடச் சொல்லுங்கள். நடுவில் வரும் வெற்றிடம் விறகு அடுக்க உதவும். போறணைத் தளம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும், ஏறத்தாழ மூன்றரை அடி. குனிந்து குனிந்து பாண் எடுக்கிற போறணை சீக்கிரமே பாவிக்காமல் கிடக்கும்.

கொங்கிறீட் தட்டுக்கு மேலே நேராகத் தளக்கல்லை வைக்கக் கூடாது. வைத்தால் சூடு முழுவதையும் தட்டு உறிஞ்சும். விறகு எரித்துக்கொண்டே இருப்பீர்கள், பாணின் அடி வெள்ளையாகவே இருக்கும். இடையில் 4 அங்குலத்துக்குச் சூடு கடத்தாத படுக்கை வேண்டும். பூங்கன்று விற்கிற இடங்களில் பெர்லைட் அல்லது வெர்மிகுலைட் கிடைத்தால், 5 பங்குக்கு 1 பங்கு சீமெந்து போட்டுக் குழைத்துப் பரப்புங்கள். கிடைக்காவிட்டால் ஆலையில் எரித்த உமிச்சாம்பல் இருக்கிறது. பெரும்பகுதி சிலிக்கா, பஞ்சு மாதிரி காற்றைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் களித்தண்ணீரில் உருண்டை பிடிபடும் அளவுக்கு மட்டும் நனைத்து, இறுக்கி அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். எரியாத உமியை அப்படியே கொட்டக்கூடாது, உள்ளுக்குள்ளேயே கனன்று சாம்பலாகித் தளம் இறங்கிவிடும். மூடி கழற்றிய வெறும் கண்ணாடிப் போத்தல்களை ஒரு வரிசை படுக்கவைத்து, இடைவெளியில் சாம்பலை நிரப்புவதும் நல்ல முறைதான்.

இந்தப் படுக்கைக்கு மேலே மணலும் களியும் கலந்த தூளை அரை அங்குலம் பரப்பி மட்டம் பார்த்து, தளக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று முட்டி வையுங்கள். வாய்க்கு நேராக அடுக்காமல் சாய்வாக அடுக்கினால், பாண் தள்ளுகிற பலகை கல்லின் விளிம்பில் இடறாது. தளம் கும்மட்டத்துக்கு உள்ளே தனியாக இருக்கட்டும், கும்மட்டம் அதைச் சுற்றி நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே தடித்த காட்போட் ஒன்றைச் செருகிவிடுங்கள். முதல் நெருப்பில் அது எரிந்துபோய், தளம் விரிவதற்கு இடம் கிடைக்கும். பின்னொரு காலத்தில் ஒரு கல் வெடித்தால் கிளப்பி மாற்றவும் முடியும்.

இனிக் கும்மட்டம். இதற்கு வேண்டிய முதல் கருவி ஒரு கோல். தளத்தின் நடுமையத்தில் சின்னப் பலகை ஒன்றை வைத்து, அதில் எந்தப் பக்கமும் திரும்பவும் மேலே எழும்பவும் கூடியதாக ஒரு கம்பியைப் பொருத்துங்கள். மையத்தில் இருந்து நுனி வரை சரியாக 18 அங்குலம். நுனியில் எல் வடிவத் தகடு ஒன்று. ஒவ்வொரு கல்லையும் இந்தத் தகட்டில் அணைத்து வைத்துத்தான் சாந்தில் அமர்த்தவேண்டும். அப்படிச் செய்தால் கல்லின் உள்முகம் தானாகவே மையத்தைப் பார்க்கும், கண்மட்டம் எதுவும் தேவையில்லை. வரிசை ஏற ஏறக் கோலும் நிமிரும், கல்லின் சாய்வும் கூடும். மட்டக்கோலைப் பழகிய மேசன்மாருக்கு முதலில் இது பிடிக்காது. எல்லா வரிசையையும் மட்டமாக வைக்கத்தான் கை போகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கல்லைக் குறுக்கே பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். 9 அங்குலக் கல் நாலரை அங்குலமாகும், அதுதான் கும்மட்டத்தின் தடிப்பு. 36 அங்குல விட்டத்துக்கு ஏறத்தாழப் பத்து வரிசையும் உச்சியில் ஓர் அடைப்புக் கல்லும் வரும். முதல் வரிசையில், வாயை விட்டால், 20 பாதிக்கல் அளவில் பிடிக்கும், மேலே போகப் போகக் குறையும். உடைவது, வெட்டித் தேய்வது, வாய் வளைவு எல்லாம் சேர்த்து 150 முழுக்கல் கையில் இருந்தால் தட்டுப்படாது. ஊர்ச் சூளைக் கல் சிறியதென்றால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

வைக்கும் முன் கல்லை வாளித் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும் வரை ஊறவிடுங்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை ஒரே மூச்சில் இழுத்துவிடும், பிறகு பிடிப்பு இராது. உட்பக்க மூட்டு முடிந்தவரை ஒட்டியிருக்கவேண்டும், கல்லோடு கல் கிட்டத்தட்டத் தொடவேண்டும். வெளிப்பக்கம் தானாகவே ஒரு அங்குலம் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும், அது கணக்குப்படி வருவது. அந்தப் பிளவைச் சாந்தால் மட்டும் நிரப்பாமல் செங்கல் சல்லியை ஆப்பாகச் செருகித் தட்டுங்கள். சாந்து பிறகு உதிர்ந்தாலும் ஆப்பு கல்லைப் பின்னால் சரியவிடாது. மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது என்பது எல்லாக் கட்டிலும் உள்ளதுதான். இங்கே அதை மீறினால் கீழிருந்து மேல்வரை ஒரே கோடாக வெடிக்கும்.

பலகை அடிக்கவேண்டுமா என்று கேட்டீர்கள். முதல் நாலைந்து வரிசைக்கு எதுவும் வேண்டாம், சாந்தே பிடித்து நிற்கும். அதற்கு மேலே கல் வழுக்கத் தொடங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழுக்குவதெல்லாம் அந்த வரிசை முழு வளையமாக மூடும் வரைக்கும்தான். கடைசிக் கல்லுக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளியை அளந்து, அதைவிட ஒரு நூல் கூட்டி வெட்டி, மரச் சுத்தியலால் மெல்ல மெல்ல உள்ளே தட்டுங்கள். கல் இறங்க இறங்கச் சத்தம் மாறும். மொத்து மொத்தென்று கேட்டது ஒரு கட்டத்தில் டக்கென்று கட்டியாகக் கேட்கும். பக்கத்துக் கல்லில் இருந்து சாந்து மெல்லப் பிதுங்கும். அதுவரை கையாலும் குச்சியாலும் தாங்கிப் பிடித்திருந்த கல்லை எல்லாம் விட்டுவிடலாம். ஒன்றை ஒன்று நெருக்கி நின்றுகொள்ளும். அதன்பிறகு அந்த வளையம் சாந்தின் தயவில் இல்லை.

உச்சிக்கு நெருங்கிய வரிசைகளில் இப்படித் தாங்கிப் பிடிப்பது சிரமம். அதற்கு மணல்தான் எங்களுக்கு வசதியான வழி. கோலைக் கழற்றிவிட்டு, உள்ளே சீமெந்துக் கல்லை அடுக்கி உயரத்தை நிரப்பி, அதன்மேல் ஈரமணலைக் குவித்துக் கும்மட்ட வடிவுக்குத் தடவிக்கொள்ளுங்கள். 18 அங்குல வளைவு வெட்டிய பலகைத் துண்டு ஒன்றைச் சுற்றிப் பார்த்தால் வடிவு பிசகாது. நனைத்த பத்திரிகைத் தாளை மேலே ஒட்டிவிட்டுக் கல்லை வையுங்கள். மேல் வரிசைகளில் கல்லின் பக்கங்களைக் கிறைண்டரால் சரித்து வெட்டவேண்டும், இல்லாவிட்டால் உட்பக்கம் முட்டி வெளிப்பக்கம் அகலமாகத் திறக்கும். வெட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கெடுதி. அடைப்புக் கல் இறங்கி இரண்டு மூன்று நாள் கழித்து மணலை வாய் வழியாக அள்ளி எடுக்கலாம். முழு உருவத்தையும் பலகையில் செய்வது வீண் செலவு.

மேல்பகுதி விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் ஆபத்து கீழேதான். அரைக்கோளக் கும்மட்டம் ஒன்றில் உச்சியில் இருந்து, மையத்தில் அளக்கும் கோணத்தில், ஏறத்தாழ 52 பாகை வரைக்கும் உள்ள வளையங்கள் தம் பாரத்தாலேயே இறுகும். அதற்குக் கீழே உள்ளவை வெளிப்பக்கம் விரிந்து பிரியப் பார்க்கும். உங்கள் அளவில் அந்தக் கோடு தளத்தில் இருந்து 11 அங்குல உயரத்தில் வருகிறது. வாயின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது, பிரியப் பார்க்கிற வளையத்தைத்தான் நாம் வாய்க்காக வெட்டியும் விடுகிறோம். ஆகவே வாயின் இரண்டு பக்கமும் கனமான தூண் வேண்டும். கீழ் நாலு வரிசையின் வெளிப்பக்கத்தைச் சுற்றி 6 மில்லிமீட்டர்க் கம்பியை வளைத்து, இரண்டு நுனியையும் அந்தத் தூண்களுக்குள் புதைத்துக் கட்டுங்கள். வாய் ஓரத்தில் மேல்நோக்கி வெடித்த போறணை எதைப் பார்த்தாலும் இந்தக் கம்பியோ தூணோ குறைந்திருக்கும்.

வாயின் உயரம் கும்மட்டத்தின் உள் உயரத்தில் 63 சதவீதம் இருக்கவேண்டும். 18 அங்குலத்துக்குப் பதினொன்றரை அங்குலம் வரை. இதில் விளையாட வேண்டாம். குறைந்தால் நெருப்பு மூச்சு முட்டும், கூடினால் சூடு நிற்காது. கீழ்ப்பாதியால் குளிர்ந்த காற்று உள்ளே போய், மேல்பாதியால் புகை வெளியே வருகிறது. அகலம் 18 அங்குலம் போதும். புகைக்குழாயை வாய்க்கு வெளியே, வளைவுக்கு முன்னால் வையுங்கள், 6 அங்குலக் குழாய். கும்மட்டத்தின் உச்சியில் ஓட்டை போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விறகின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும்.

வெளிப்புறத்துக்கு 2 அங்குலச் செராமிக் பைபர் கம்பளி போர்த்தினால் சிறப்பு. இல்லையென்றால் களியும் உமியும் சரிபாதி குழைத்து 4 முதல் 6 அங்குலம் வரை பூசுங்கள். கல்லோடு ஒட்டிய பக்கத்து உமி காலப்போக்கில் எரிந்து, களிக்குள் நுண்துளைகளாக நிற்கும். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. சீமெந்தை இழைத்துப் பூசி அடைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழி வேண்டும். மேலே தகரமோ ஓடோ போட்ட கூரை கட்டாயம். அதைக் கடைசியில் பார்ப்போம் என்று தள்ளாமல், முதலிலேயே தூண் நட்டுப் போட்டுவிட்டால் வெயிலிலும் வேலை ஓடும். தை, மாசியில் தொடங்கினால் மழைக்கு முன் எல்லாம் காய்ந்துவிடும்.

முதல் சில நாளைக்கு ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள், பிறகு ஒரு கிழமையாவது நிழலில் காயவிடுங்கள். அடுத்த ஒரு கிழமைக்கு நாளுக்கொரு சின்ன நெருப்பு. தண்ணீர் நீராவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரியும். அவசரப்பட்டால் அந்த நீராவிதான் கல்லைப் பிளக்கும். சிரட்டையைப் போடாதீர்கள், அது சுள்ளென்று எரிந்து சூட்டை ஏற்றிவிடும். ஒரு பழைய சட்டியில் கரித்தணலை வைத்து உள்ளே தள்ளினால் போதும். முதல் நாள் வெளிப்புறத்தில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாளுக்கு நாள் கூட்டுங்கள். வெளியே ஈரத் திட்டுகள் தெரியும், அவை மறையும் வரை பெரிய நெருப்பு வேண்டாம். மயிரிழை வெடிப்பு வந்தால் கவலைப்படாதீர்கள். விரல் நகம் இறங்குகிற வெடிப்பு என்றால் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

பிறகு முழு நெருப்பு. பொச்சும் பனைமட்டையும் பற்றவைக்க, வேம்பு, பூவரசு, புளி போன்றவை நின்று எரிய. பெயின்ற் அடித்த பலகை எதுவும் உள்ளே போகக்கூடாது. கும்மட்டம் முதலில் கன்னங்கரேலென்று கரி பிடிக்கும். ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்து உச்சியில் தொடங்கி அந்தக் கரி எரிந்து கல் வெளுத்துக்கொண்டு வரும். அது 350 பாகையைத் தாண்டியதற்கு அடையாளம். வெளுப்பு கீழ்வரைக்கும் இறங்கியதும் தணலை ஓரத்துக்குத் தள்ளிப் பீட்சாவை வைக்கலாம். அது முடிந்ததும் தணலை வெளியே இழுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, கதவை மூடி ஒரு மணித்தியாலம் அளவில் சூட்டைச் சமப்பட விடுங்கள். தளத்தில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவுங்கள். உடனே கறுத்தால் பொறுக்கவேண்டும். மெல்லச் சிவந்தால் பாணை வைக்கலாம், 230, 250 பாகை இருக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதம் பாவிக்காமல் விட்டிருந்தால், மறுபடி தொடங்கும்போது முதல் நாள் கரிச்சட்டி நெருப்புத்தான்.